கச்சத்தீவை எந்த ஆண்டில் தொடங்குகிறார்? பத்தி எழுத்தாளரின் அரசியல் சாய்வைக் கணிக்க ஒரு வழிகாட்டி

ராமநாதபுரத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியர், குரூப் தேர்வுக்காக நாளிதழின் நடுப்பக்கத்தை முதன்முறையாகப் பிரிக்கிற பிள்ளைகள், இதழியல் படிப்பில் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்தக் கட்டுரை எழுதுறவரு எந்தக் கட்சி ஆளு?" டீக்கடையில் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். அந்தப் பதில் பாதி நேரம் தப்பாக இருக்கும். திமுகவைத் திட்டினால் பாஜக, பாஜகவைத் திட்டினால் திமுக என்று இரண்டே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். யாரைத் திட்டுகிறார் என்பது ரொம்பப் பலவீனமான தடயம். திட்டுவதற்குக் காரணம் ஆயிரம் இருக்கும்.

இந்தக் கடற்கரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டின் பெரிய அரசியல் சண்டைகளில் பல நம் கண்ணெதிரே இருக்கிற கடலையும் மணலையும் பற்றியவை. கச்சத்தீவு, சேது கால்வாய், மீனவர் கைது, மண்டபம் அகதிகள் முகாம், பசும்பொன், பரமக்குடி. எழுதுகிறவர் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்திருப்பார். அவர் எதை விட்டுவிட்டார் என்பது இங்கே இருக்கிறவருக்குத்தான் சட்டென்று தெரியும். அந்த வசதியை வைத்துத்தான் இந்த முறை.

முதலில் யார் குரல் என்று பிரியுங்கள்

கட்டுரைக்கு மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் தலைப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் அது எழுதியவர் வைத்தது அல்ல, அலுவலகத்தில் பக்கம் பார்க்கிற உதவி ஆசிரியர் வைத்தது. கட்டுரையாளர் 'மீனவர் சிக்கலுக்குப் பேச்சுவார்த்தையே வழி' என்று சாதுவாக அனுப்பியிருப்பார். அச்சில் 'கைவிடப்பட்ட மீனவர்கள்!' என்று ஆச்சரியக்குறியோடு வரும். பக்கத்தில் போடுகிற படத்துக்கும் இதே கதைதான்.

பத்திரிகையின் சாய்வு வேறு, அதில் எழுதுகிறவரின் சாய்வு வேறு. கட்சி ஏடுகளில் இந்தச் சிக்கலே இல்லை. முரசொலி திமுகவினுடையது, தீக்கதிர் சிபிஎம்முடையது, ஜனசக்தி சிபிஐயுடையது, விடுதலை திராவிடர் கழகத்தினுடையது, நமது அம்மா அதிமுகவினுடையது. அங்கே கணிக்க ஒன்றுமில்லை, வீட்டு வாசலிலேயே கொடி பறக்கிறது. பொது நாளிதழ்களில்தான் வேலை. அங்கேயும் முதலாளி யார் என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. தினகரன் 2005 முதல் சன் குழுமத்தின் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் அதன் முதல் பக்கத்தைப் படிக்கிற விதமே மாறும். ஆனால் அந்தச் சாய்வைத் தூக்கி, அதில் வாரம் ஒரு கட்டுரை எழுதுகிற ஓய்வுபெற்ற பேராசிரியர் தலையில் கட்டக் கூடாது.

கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் வரும் 'கட்டுரையாளர்' குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். 'அரசியல் விமர்சகர்' என்று மொட்டையாக இருந்தால் பெயரைத் தேடிப் பாருங்கள். தொலைக்காட்சி விவாதத்தில் அதே மனிதர் எந்தக் கட்சிக்கான நாற்காலியில் உட்கார்கிறார் என்று தெரிந்துவிடும். பாதிப் பேருக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

ஆண்டுகளை வட்டமிடுங்கள்

அப்புறம்தான் உண்மையான வேலை. தமிழில் அரசியல் பத்தி எழுதுகிற யாரும் என்றைக்காவது கச்சத்தீவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 285 ஏக்கர் தீவு அது. அப்படி ஒரு கட்டுரை கையில் கிடைத்தால், கருத்தைப் படிப்பதற்கு முன் ஒரு பென்சிலை எடுத்து அதில் வரும் ஆண்டுகளை மட்டும் வட்டமிடுங்கள். எந்த ஆண்டில் கதையைத் தொடங்குகிறார், எந்த ஆண்டைத் தாண்டிக் குதிக்கிறார் என்று பாருங்கள். நான் பார்த்தவரை இதைவிட நம்பகமான தடயம் கிடையாது.

1974 எல்லாருக்கும் பொது. அந்த ஜூன் மாதம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் தீவு இலங்கைக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். அப்போது சென்னையில் முதலமைச்சர் கருணாநிதி. ஆக, இந்த ஒரே ஆண்டை வைத்துக் காங்கிரஸையும் திமுகவையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றிவிடலாம். பாஜக சார்பு எழுத்துக்கும், அதிமுக சார்பு எழுத்துக்கும், தமிழ்த் தேசிய எழுத்துக்கும் இது தோதான ஆண்டு. மூன்றையும் பிரிக்க, அடுத்து எங்கே தாவுகிறார் என்று பாருங்கள்.

1991க்கு வந்து, ஜெயலலிதா ஆட்சியில் சட்டமன்றம் தீவை மீட்கத் தீர்மானம் போட்டதைச் சொல்லி, 2008இல் அவர் உச்ச நீதிமன்றம் போனதையும் சொன்னால், அது அதிமுக பேனா. 1974லிருந்து 2009க்குத் தாவி முள்ளிவாய்க்காலில் நின்றால் தமிழ்த் தேசியப் பக்கம். நடுவில் எதுவுமே நடக்காததுபோல நேராக 2024க்கு வந்தால் பாஜக பக்கம். அந்த ஆண்டு மார்ச் 31இல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அண்ணாமலை வாங்கிய ஆவணங்களை வைத்துப் பிரதமர் மோடி காங்கிரஸைச் சாடினார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19.

திமுக பக்கம் சாய்ந்தவர் 1974 ஜூனை வேகமாகக் கடந்து, ஆகஸ்டில் சட்டமன்றத்தில் ஒப்பந்தத்துக்கு எதிராகத் தீர்மானம் வந்ததைப் பிடித்துக்கொள்வார். பிறகு 1976இல் நின்று நிதானமாகப் பேசுவார். காரணம் இருக்கிறது. இந்திய மீனவர்கள் இலங்கைக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்பது அந்த ஆண்டு மார்ச் மாதக் கடிதப் பரிமாற்றத்தில்தான் எழுத்தில் வந்தது. திமுக ஆட்சியோ ஜனவரி 31ஆம் தேதியே கலைக்கப்பட்டுவிட்டது. 'உரிமை பறிபோனபோது நாங்கள் ஆட்சியிலேயே இல்லை' என்ற வாதத்துக்கு 1976 அவ்வளவு வசதி.

காங்கிரஸ் சார்பு எழுத்தாளருக்கும் 1976 பிடிக்கும், ஆனால் வேறு காரணத்துக்காக. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பாங்க் என்கிற மீன்வளம் மிக்க பகுதி இந்தியாவுக்கு உறுதியானது அந்த ஆண்டு உடன்பாட்டில்தான். 'வாட்ஜ் பாங்க்' என்ற பெயர் ஒரு கட்டுரையில் அன்போடு வந்தால் எழுதியவர் யார் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இன்னொரு ஆண்டு 2014. அந்த ஆகஸ்டில், மோடி அரசு வந்து சில மாதங்களில், அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில் கச்சத்தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் பேசினார். 1974ஐச் சொல்லி 2014ஐ விடுகிறவர் ஒரு பக்கம், 2014ஐச் சொல்லி 1974ஐ விடுகிறவர் எதிர்ப்பக்கம். இரண்டையும் சொல்கிற கட்டுரை அபூர்வமாகத்தான் வரும். வந்தால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் 1974 ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவை, அதாவது நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணம் இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்ற பகுதியை எடுத்து வைத்துப் பேசுகிறவர் ஒப்பந்தத்தை உண்மையிலேயே படித்தவர். அவருக்கும் சாய்வு இருக்கலாம், ஆனால் அவசரத்தில் கண்டுபிடிக்க முடியாது.

2025 ஏப்ரல் 2ஆம் தேதி சட்டமன்றம் தீவை மீட்கச் சொல்லி மறுபடியும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதை 'ஒரே குரலில் தமிழ்நாடு' என்கிறாரா, 'தேர்தல் நாடகம்' என்கிறாரா, அல்லது எல்லாக் கட்சியும் ஆதரித்தது என்பதையே சொல்லாமல் நகர்கிறாரா? இந்த மூன்றில் கடைசி ஆளைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம்

கீழே இருப்பது நானே எழுதிய மாதிரிப் பத்தி. யாருடையதும் அல்ல.

'ராமேஸ்வரத்திலிருந்து கடலுக்குச் சென்ற நம் மீனவர்களை நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை மீண்டும் சிறைபிடித்திருக்கிறது. முதலமைச்சர் உடனடியாகக் கடிதம் எழுதினார். ஒன்றிய அரசு வழக்கம்போல மௌனம் காக்கிறது. அன்று கையெழுத்திட்டது யாராக இருந்தாலும், இன்று அதிகாரம் இருப்பது யாரிடம்?'

முதல் வாக்கியத்தில் 'சிறைபிடித்திருக்கிறது' என்ற சொல்லைப் பார்த்துப் பலர் தாவிக் குதிப்பார்கள். அதில் ஒன்றுமில்லை. இங்கே எல்லாப் பத்திரிகையும் எழுதுகிற சொல்தான். 'கைது' என்பதும் அப்படியே. 'சிங்களக் கடற்படை' என்றிருந்தால் தமிழ்த் தேசியப் பக்கம் ஒரு புள்ளி. 'எல்லை தாண்டியதாகக் கூறி' என்ற சொற்கள் இருந்தால் செய்தியாளர் பழக்கம். 'எல்லை தாண்டிச் சென்று' என்று நேராக இருந்தால் டெல்லியின் வெளியுறவுத் துறைக் கண்ணோடு பார்க்கிறவர், அல்லது யாழ்ப்பாண மீனவர் நிலைமை தெரிந்தவர்.

இரண்டாவது வாக்கியம்தான் சாவி. 'முதலமைச்சர் உடனடியாகக் கடிதம் எழுதினார்' என்பதில் 'உடனடியாக' என்ற சொல் ஒரு நற்சான்றிதழ். அதே செய்தியை 'முதலமைச்சர் வழக்கம்போல ஒரு கடிதம் எழுதிவிட்டார்' என்று எழுதிப் பாருங்கள், எதிர்க்கட்சிப் பேனாவாகிவிடும். நம் மாதிரியில் 'வழக்கம்போல' டெல்லிக்குப் போயிருக்கிறது, 'உடனடியாக' சென்னைக்கு வந்திருக்கிறது. பாராட்டுச் சொல் எந்த அரசுக்கு, சலிப்புச் சொல் எந்த அரசுக்கு என்று இரண்டு வண்ணத்தில் அடிக்கோடு போட்டாலே படம் தெளிந்துவிடும்.

கடைசி வாக்கியத்தில் 'அன்று கையெழுத்திட்டது யாராக இருந்தாலும்' என்று வருகிறதே, அது ஒரு கூட்டணிக் கட்சியைப் பத்திரமாக வாசல் கடக்க வைக்கிற வித்தை. காங்கிரஸ் பெயரைச் சொல்ல மனமில்லை, சொல்லாமல் விட்டால் வாசகர் கேட்பார். ஆக இது திமுக கூட்டணிப் பக்கம் சாய்ந்த எழுத்து என்று பென்சிலில் எழுதலாம். 'ஒன்றிய அரசு' என்ற சொல்லை நான் கடைசியில்தான் கணக்கில் எடுப்பேன். 2021 மே மாதம் ஆட்சி மாறிய பிறகு அது அரசு வழக்காகிவிட்டது. கட்சி சாராத பலரும் எழுதுகிறார்கள். சில பத்திரிகை அலுவலகங்களில் எல்லார் கட்டுரையிலும் அதை 'மத்திய அரசு' என்று திருத்தியும் விடுவார்கள். சந்தேகமாக இருந்தால் அதே எழுத்தாளர் வேறு பத்திரிகையில் எழுதியதைத் தேடி ஒப்பிடுங்கள். நான் இந்தக் கட்டுரையில் 'டெல்லி' என்று எழுதித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள்.

இறந்துபோன தலைவரை எப்படிக் கூப்பிடுகிறார்

இருக்கிற தலைவர்களின் பெயரை எழுதும்போது எல்லாரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது கை தன் பழக்கத்துக்குப் போய்விடும். 'கலைஞர்' என்றா, 'கருணாநிதி' என்றா? 'அம்மா', 'புரட்சித்தலைவி' என்றா, 'ஜெயலலிதா' என்றா? 'பெரியார்' என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் 'ஈ.வெ.ரா.' என்று பிடிவாதமாக எழுதுகிறவர் தன் அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டார். 'திராவிட மாடல்' என்பதை மேற்கோள் குறிக்குள் போடுகிறாரா, போடாமலே எழுதுகிறாரா, 'விடியா அரசு' என்று போகிறாரா என்பதும் இதே வகைதான்.

ஆனால் இந்த மாவட்டத்தில் ஒரு எச்சரிக்கை. அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜைக்கும், செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் எல்லாக் கட்சித் தலைவர்களும் வருகிறார்கள். ஆகவே 'தேவர் திருமகனார்' என்றோ, 'தியாகி இமானுவேல் சேகரனார்' என்றோ எழுதியதை வைத்துக் கட்சி சொல்ல முடியாது. அங்கே வெளிப்படுவது கட்சிச் சாய்வு அல்ல, சமூகச் சாய்வு. அதற்கு நல்ல சோதனை 2011 செப்டம்பர் 11. அன்று பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அதை 'துப்பாக்கிச் சூடு' என்று எழுதுகிறவர் சுட்டவரைப் பார்க்கிறார். 'பரமக்குடி கலவரம்' என்று எழுதுகிறவர் சுடப்பட்டவரைப் பார்க்கிறார். இரண்டு பேரும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களாக இருக்கலாம்.

அப்துல் கலாமும் நல்ல சோதனை. பேக்கரும்பில் அவர் நினைவிடம் 2017 ஜூலை 27இல் திறக்கப்பட்டபோது, வீணையோடு இருந்த சிலைக்கு அருகில் பகவத்கீதை வைக்கப்பட்டது சர்ச்சையானது, பிறகு குரானும் பைபிளும் பக்கத்தில் வந்தன, அதுவும் சர்ச்சையானது. கலாமைப் பற்றிய கட்டுரையில் ஏவுகணை முதலில் வருகிறதா, கீதை வருகிறதா, பேப்பர் போட்ட ராமேஸ்வரத்துச் சிறுவன் வருகிறானா, பள்ளிவாசல் தெரு வருகிறதா என்று பாருங்கள். எல்லாமே உண்மைதான். வரிசைதான் எழுதுகிறவருடையது.

முடிவை விடுங்கள், காரணத்தைப் பிடியுங்கள்

புதிதாகப் படிக்கிறவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் சேது சமுத்திரத் திட்டம். 2005 ஜூலை 2இல் மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஆதாம் பாலத்துக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குப் பிறகு வேலை கிடப்பில் போனது. 2023 ஜனவரி 12இல் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது.

'இந்தத் திட்டம் வேண்டாம்' என்று ஒருவர் எழுதினால் உடனே பாஜக என்று எழுதிவிடாதீர்கள். வேண்டாம் என்பவர்களில் குறைந்தது மூன்று வகை இருக்கிறார்கள். ராமர் கட்டிய பாலத்தை இடிக்கக் கூடாது என்பவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் தூர்வாரலில் அழியும் என்பவர். கப்பல் போகிற தடத்தில் வலை போட முடியாது, கரையோர மீன்பிடிப்பு படுத்துவிடும் என்பவர். முதலாமவர் 'ராமர் சேது' என்பார். இரண்டாமவர் 'மணல் திட்டுகள்' என்பார். மூன்றாமவருக்கு அந்தப் பெயரே வேண்டியதில்லை, அவர் ஆழத்தையும் மீன்பாட்டையும் பற்றிப் பேசுவார். இரண்டாமவர் இடதுசாரியாக இருக்கலாம், பாஜகவைக் காய்ச்சி எடுப்பவராகக்கூட இருக்கலாம். ஜெயலலிதா ஆட்சியும் திட்டத்தைக் கைவிடச் சொல்லி நீதிமன்றத்தில் நின்றது என்பதையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் இன்னும் கூடும்.

ஆதரிப்பவர்களிலும் அப்படியே. '150 ஆண்டுக் கனவு' என்று தொடங்கி அண்ணா பெயரைச் சொன்னால் திராவிட இயக்கச் சாய்வு. தூத்துக்குடித் துறைமுகத்தின் சரக்குக் கணக்கோடு தொடங்கினால் வணிகச் சாய்வு.

கட்சிக்கு வெளியேயும் ஒரு சாய்வு உண்டு

தங்கச்சிமடத்தில் டீக்கடை ஒன்றில் காலை நேரம் ஒரு நடுப்பக்கக் கட்டுரையை ஒருவர் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். மீனவர் கைதைக் கண்டித்து உருக்கமாக எழுதப்பட்ட கட்டுரை. படித்தவர் முடித்துவிட்டு, "நல்லா நடுநிலையா எழுதியிருக்காருல்ல?" என்றார். பாம்பனைச் சேர்ந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்னத்த நடுநிலை? இவரு விசைப்படகு ஆளுண்ணே."

"அதெங்க எழுதியிருக்கு?"

"எழுதலைல்ல, அதான். 'மீனவர்'னு ஒரே பேருல எல்லாத்தையும் போட்டுட்டாரு பாருங்க. இழுவை மடின்னு ஒரு வார்த்தை இருக்கா?"

அவர் சொன்னதைத் திரும்பப் படித்துப் பார்த்தால் சரிதான். ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று முறை இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்த காலத்திலிருந்து கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை நாட்டுப்படகுக்கு உரியது. அந்தக் கோடு மீறப்படுகிறது என்பது நாட்டுப்படகுக்காரரின் பழைய வழக்கு. இழுவை மடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போவதும், அந்தப் பக்கம் யாழ்ப்பாண, மன்னார் தமிழ் மீனவரின் வலைகளை அறுத்துக்கொண்டு போவதும் எல்லாருக்கும் தெரியும். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இவ்வளவும் ஒரு கட்டுரையில் வராமல் இருந்தால், அது தற்செயல் அல்ல.

ஆகவே மீனவர் பற்றிய கட்டுரைக்குத் தனியாக ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: யாழ்ப்பாண மீனவர் இந்தக் கட்டுரையில் வருகிறாரா? தமிழ்த் தேசிய எழுத்தாளருக்கு அவர் பெரிய சங்கடம், ஏனென்றால் இரண்டு பக்கமும் தமிழர். பெரும்பாலும் அவரைக் காணாமல் போகச் செய்துவிட்டுச் சிங்களக் கடற்படையை மட்டும் நிறுத்துவார். இடதுசாரி எழுத்தாளர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, படகு முதலாளி, கூலித் தொழிலாளி என்று பிரிப்பார். டெல்லிச் சார்பு எழுத்தாளர், 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைச் சொல்லி, 'மாற்று வழி கொடுத்தாயிற்றே' என்பார். கட்சி ஒன்றாக இருந்தாலும் படகு வேறாக இருக்கலாம். வெளியூரிலிருந்து வந்து இங்கே பேப்பர் படிப்பவருக்கு இந்தச் சாய்வு பிடிபட நாளாகும். துறைமுகத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் சீக்கிரம் பிடிபடும்.

கூட்டணி மாறிய தேதிகளை வைத்துச் சோதியுங்கள்

கொள்கைச் சாய்வா, கட்சிச் சாய்வா என்று பிரிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. அதிமுக 2023 செப்டம்பர் 25இல் பாஜக கூட்டணியை விட்டு வெளியேறியது. 2025 ஏப்ரல் 11இல் மறுபடியும் சேர்ந்தது. நீங்கள் கவனிக்கிற எழுத்தாளர் இந்த இரண்டு தேதிக்கும் முன்னும் பின்னும் எழுதியதை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2022இல் பாஜகவைத் தேசியக் காவலன் என்றவர், 2024இல் 'மாநில உரிமையைப் பறிக்கும் கட்சி' என்று எழுதி, 2025 மே மாதத்தில் மறுபடி காவலன் என்றால் அவர் கொள்கைக்காரர் அல்ல. கட்சி போகிற வழியில் போகிறவர். மூன்று காலத்திலும் ஒரே மாதிரி எழுதியவருக்குக் கட்சி எதுவாக இருந்தாலும் ஒரு நிலைப்பாடு இருக்கிறது.

திமுக பக்கம் இதே சோதனைக்கு 2013 மார்ச் உதவும். ஈழப் பிரச்சினையில் திமுக அப்போது மன்மோகன் சிங் அரசை விட்டு வெளியேறியது, 2016இல் மறுபடியும் காங்கிரஸோடு கைகோத்தது. நடுவில் இருந்த காலத்தில் காங்கிரஸைப் பற்றி அவர் என்ன எழுதினார்?

அதிமுக சார்பு என்று கண்டுபிடித்துவிட்டால் அதோடு நிறுத்தாதீர்கள். எந்த அதிமுக? 2024 மக்களவைத் தேர்தலில் நம் ராமநாதபுரத்திலேயே ஓ. பன்னீர்செல்வம் பாஜக ஆதரவோடு சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்று, முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனியிடம் தோற்று இரண்டாம் இடம் வந்தார். அதே பெயரில் வேறு சிலரும் நின்றார்கள். அந்தத் தோல்வியை இரக்கத்தோடு எழுதியவரையும், நக்கலோடு எழுதியவரையும் ஒரே பெட்டியில் போட முடியாது.

எழுதாமல் விட்ட வாரம்

எழுதியதைப் படிப்பது பாதி வேலை. தன் பக்கத்துக்குச் சங்கடம் வந்த வாரத்தில் அவர் எதைப் பற்றி எழுதினார் என்று பார்ப்பது மீதி.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஹைட்ரோகார்பனுக்காக 20 சோதனைக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசிக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது 2025இல் வெளிவந்தது. பிறகு அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாடு அரசே கேட்டது. டெல்லியின் நிறுவனம், மாநிலத்தில் இயங்கும் ஆணையம். இரண்டு பக்கப் பேனாக்களுக்கும் இது சங்கடம். வேறு மாவட்டத்தின் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகக் கனல் கக்கியவர் அந்த வாரம் இலக்கியத்தைப் பற்றி எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

கமுதி சூரிய மின் நிலையமும் அப்படி. 648 மெகாவாட், 2016இல் வந்தது. அதானி குழுமத்தினுடையது. ஒருவர் 'உலகின் மிகப் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்று' என்று எழுதி உரிமையாளர் பெயரை விட்டுவிடுவார். இன்னொருவர் பெயரை மட்டும் எழுதி, யூனிட்டுக்கு 7.01 ரூபாய் என்று ஒப்பந்தம் போட்ட ஜெயலலிதா ஆட்சியின் பெயரை விட்டுவிடுவார்.

மண்டபம் முகாமைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணீர்க் கட்டுரை வரும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை என்பதும், மாநிலங்களவையில் அதிமுக அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது என்பதும் அந்தக் கண்ணீரில் நனைகிறதா என்று பாருங்கள். 2021இல் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியதை மட்டும் சொல்லி முடிக்கிறவர் ஒரு ரகம்.

குறித்து வைக்கிற விதம்

ஒரு நோட்டில் எழுத்தாளர் பெயர், தேதி, பத்திரிகை, தொடங்கிய ஆண்டு, விட்ட விஷயம், பாராட்டுச் சொல் யாருக்கு, சலிப்புச் சொல் யாருக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கட்சிப் பெயரை உடனே எழுத வேண்டாம். டெல்லியா சென்னையா, எந்தக் கழகம், மதம், சமூகம், படகு என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஒருவர் டெல்லி விஷயத்தில் ஒரு பக்கமும், மீன்பிடி விஷயத்தில் எதிர்ப்பக்கமும் இருப்பது சாதாரணம். பழைய இதழ்கள் வேண்டுமானால் நூலகத்தில் கேளுங்கள், வீட்டில் பேப்பர் சேர்த்து வைக்கிற ஓய்வுபெற்ற தாத்தா தெருவுக்கு ஒருவர் இருப்பார். அவர் வெட்டி வைத்திருப்பதைக் காட்டச் சொன்னால் சந்தோஷமாகக் காட்டுவார், எழுதியவரைப் பற்றித் தன் தீர்ப்பையும் இலவசமாகத் தருவார். தீர்ப்பை அப்படியே வாங்காதீர்கள், கத்தரித்த துண்டை மட்டும் வாங்குங்கள்.

கணிப்பு ஓரளவு உறுதியானதும், அந்தக் கட்சிக்கு நேர் எதிர்க்கட்சிக்காரரான நண்பரிடம் நோட்டைக் கொடுத்துப் பெயரை மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். "நம்ம ஆளு மாதிரில்ல எழுதுறாரு" என்று அவர் சொன்னால் அழித்துவிட்டு முதலிலிருந்து பாருங்கள். கிண்டல் நடையில் எழுதுகிறவர்களை இந்த முறையில் போடாதீர்கள். அவர்கள் பாராட்டுவதே திட்டுவதற்காக, சொல்லை எண்ணினால் தலைகீழாக வரும். புதிதாக எழுத வந்து இரண்டு மூன்று கட்டுரை மட்டும் வந்திருக்கிறவர் பெயருக்கு எதிரே கேள்விக்குறி போட்டு வையுங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு வந்த கட்டுரைகளை மட்டும் வைத்து அந்தக் கேள்விக்குறியை எடுக்க வேண்டாம், அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்னால் எழுதியது கிடைக்கிறதா என்று தேடுங்கள்.